இரண்டு நெடுவரிசைகளை நிறம் போட்டு ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதா மாதம் 14-ம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி வந்துவிடும். நமக்குப் பொருள் விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. மாதாந்திரத் தாக்கல்காரர்கள் 20-ம் தேதிக்குள் 3பி, அதாவது வரிக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவம், போட வேண்டும். நடுவில் இருக்கிற அந்த சில நாட்களில் நம் கொள்முதல் பதிவையும் 2பி பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பதுதான் என் வேலை. 2022 ஜனவரி 1 முதல், 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியை (பொருள் வாங்கும்போது கொடுத்த வரியை) கழித்து எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் ஒரு பில் கண்ணில் படாமல் போனாலும் அது கடைக்காரரின் பணம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், கடையில் தாங்களே கணக்கு பார்க்கிறவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் பில்களைப் பற்றித்தான். ஆனாலும் மதிப்பெண் பட்டியல், சந்தா வசூல், வங்கிக் கணக்கு என்று எதை ஒப்பிட்டாலும் முறை இதுவே: பொருந்தாத கட்டத்துக்கு ஷீட் தானாகவே நிறம் போடும்படி ஒரு விதி எழுதுவது.

எல்லா உதாரணங்களுக்கும் ஒரே ஷீட்தான். ஏ, பி, சி மூன்றும் நம் பதிவு: விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், வரித்தொகை. ஈ, எஃப், ஜி மூன்றும் போர்ட்டல் பட்டியலில் அதே விவரங்கள். டி காலி. முதல் வரிசையில் தலைப்பு, இரண்டாவது வரிசையிலிருந்து விவரம். சூத்திரங்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது நெடுவரிசைப் பெயரையும் ஃபங்ஷன் பெயரையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்குமுன் எதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்?

ஒரே ஒரு விஷயம். பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிடுகிறீர்களா, அல்லது எதிர்ப்பக்கத்துப் பட்டியல் முழுவதிலும் தேடுகிறீர்களா?

ஒரே மாணவனின் காலாண்டு மதிப்பெண்ணும் அரையாண்டு மதிப்பெண்ணும் ஒரே வரிசையில் இருந்தால் அது முதல் வகை. நம் பதிவில் 7-வது வரிசையில் இருக்கிற பில் போர்ட்டல் பட்டியலில் 42-வது வரிசையில் இருக்கலாம் என்றால் அது இரண்டாவது வகை. இரண்டுக்கும் சூத்திரம் வேறு. என்னிடம் வருகிற சந்தேகங்களில் பாதிக்கு மேல், இரண்டாவது வகை வேலைக்கு முதல் வகை சூத்திரத்தைப் போட்டுவிட்டு ஷீட் முழுக்கச் சிவந்துபோய் வருகிறவைதான்.

நிறம் போடும் வசதி மெனுவில் எங்கே இருக்கிறது?

எக்செலில் ஹோம் டேப், அதில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், பிறகு நியூ ரூல். வருகிற பட்டியலில் கடைசியாக இருக்கும் 'யூஸ் எ ஃபார்முலா' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் சூத்திரம் எழுதப் பெட்டி வரும். கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட் மெனு, கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அங்கே நிபந்தனைகளின் பட்டியலில் கீழே 'கஸ்டம் ஃபார்முலா இஸ்'. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் ஃபார்மேட் மெனுவில் கண்டிஷனல், அதில் 'ஃபார்முலா இஸ்'.

மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். சூத்திரத்தின் விடை 'ஆம்' என்று வந்தால் நிறம் விழும், 'இல்லை' என்று வந்தால் விழாது.

ஒரே வரிசையில் இரண்டு தொகைகளும் வேறாக இருந்தால் காட்ட என்ன சூத்திரம்?

சி2-விலிருந்து கடைசி வரி வரை தேர்ந்தெடுத்துக்கொண்டு இப்படி எழுதுங்கள்:

=$சி2<>$ஜி2

'சமமில்லை' என்பதற்கு அந்த இரண்டு கூர்க்குறிகள். ஒன்றாக இருப்பவற்றுக்கு நிறம் வேண்டுமென்றால் = போடுங்கள். குறைந்திருப்பவை மட்டும் வேண்டுமென்றால் <. வேறொன்றும் இல்லை.

சூத்திரம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறம் ஒரு வரிசை தள்ளி விழுகிறது. ஏன்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இது எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும்.

'சி' என்ற தலைப்பைச் சொடுக்கி நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்தீர்கள். விவரம் இரண்டாவது வரிசையில்தானே தொடங்குகிறது என்று =$சி2<>$ஜி2 என்று எழுதினீர்கள். தேர்ந்தெடுத்த பகுதியின் முதல் கட்டம் சி1. நீங்கள் எழுதிய சூத்திரம் அந்த முதல் கட்டத்துக்கு உரியது என்றுதான் எக்செல் எடுத்துக்கொள்ளும். ஆக, சி1-க்கு நிறம் போடலாமா என்று பார்க்க அது 2-வது வரிசையைச் சோதிக்கிறது. சி2-க்கு 3-வது வரிசை. 14-வது வரிசையில் தொகை தவறாக இருந்தால் 13-வது வரிசை சிவக்கும். அந்த 13-வது பில் சுத்தமான பில். நீங்கள் அதை அரை மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்ப்பீர்கள்.

தேர்வு எந்த வரிசையில் தொடங்குகிறதோ, சூத்திரத்திலும் அந்த வரிசை எண்தான் இருக்க வேண்டும். எக்செலில் இன்னொன்றும் கவனியுங்கள்: கீழிருந்து மேலாக இழுத்துத் தேர்ந்தெடுத்தால், முதலில் சொடுக்கிய அடிக்கட்டம்தான் நடப்புக் கட்டம். சூத்திரம் அதற்கு உரியதாகிவிடும். எப்போதும் மேலிருந்து கீழாக இழுங்கள்.

டாலர் குறியை எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது?

எழுத்துக்கு முன்னால் டாலர் இருந்தால் நெடுவரிசை நகராது. எண்ணுக்கு முன்னால் இருந்தால் வரிசை நகராது. $சி2 என்றால், கீழே போகப் போக சி3, சி4 என்று மாறும், ஆனால் பக்கவாட்டில் டி, ஈ என்று ஓடாது. ஏ முதல் சி வரை மூன்று கட்டங்களுக்கும் சேர்த்து நிறம் போட வேண்டுமென்றால் இதுதான் வழி. தேடப்படும் பட்டியலோ துளியும் நகரக்கூடாது, அதனால் அதற்கு இரண்டு பக்கமும் டாலர்: $எஃப்$2:$எஃப்$500.

நம் பில் அந்தப் பட்டியலில் எங்கேயாவது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

=கவுன்ட்இஃப்($எஃப்$2:$எஃப்$500,$பி2)=0

பி2-வில் இருக்கும் எண் எஃப் நெடுவரிசையில் எத்தனை முறை வருகிறது என்று கவுன்ட்இஃப் எண்ணும். பூஜ்யம் என்றால் அது அங்கே இல்லை, நிறம் விழும். பதிவில் காலி வரிசைகள் இருந்தால் அவையும் சேர்ந்து சிவக்கும். அதைத் தடுக்க:

=அண்ட்($பி2<>"",கவுன்ட்இஃப்($எஃப்$2:$எஃப்$500,$பி2)=0)

எக்செலிலேயே 'டூப்ளிகேட் வேல்யூஸ்' என்று ரெடியாக இருக்கிறதே, அது போதாதா?

அவசரத்துக்குப் போதும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இரண்டு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து, 'யுனீக்' என்று மாற்றினால் ஒரு பக்கம் மட்டும் இருப்பவை தெரியும். ஆனால் அது இரண்டையும் ஒரே குவியலாகத்தான் பார்க்கிறது. நம் பதிவில் ஒரே பில்லைத் தவறுதலாக இரண்டு முறை ஏற்றியிருந்தால் அது 'டூப்ளிகேட்' ஆகிவிடும். போர்ட்டலில் அந்த பில் இல்லவே இல்லை என்றாலும், இரண்டு பக்கமும் இருப்பது போல வேஷம் போடும். பில் சரிபார்க்க நான் அதைத் தொடுவதில்லை.

பில் எண் ஒன்றை வைத்து மட்டும் ஒப்பிடலாமா?

கூடாது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் வரிசையில் 1, 2, 3 என்று எண் போடுகிறார். நூல் கொடுப்பவரிடமும் 118-ம் எண் பில் இருக்கும், அட்டைப்பெட்டி கொடுப்பவரிடமும் 118 இருக்கும். நூல்காரர் தன் பில்லை ஏற்றாமல் விட்டிருந்தாலும் அட்டைப்பெட்டிக்காரரின் 118 அங்கே இருப்பதால் நிறம் விழாது. விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் இரண்டும் சேர்ந்துதான் அடையாளம்:

=கவுன்ட்இஃப்ஸ்($ஈ$2:$ஈ$500,$ஏ2,$எஃப்$2:$எஃப்$500,$பி2)=0

ஜிஎஸ்டி எண் 15 இடம் கொண்டது. முதல் இரண்டும் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண். விற்றவரின் பெயரைவிட இதை நம்பலாம். பெயரை ஒருவர் 'டிரேடர்ஸ்' என்று முடிப்பார், இன்னொருவர் 'டிரேடிங்' என்று முடிப்பார். இந்த எண்ணை எங்கே எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதியாக வேண்டும்.

பில் இரண்டு பக்கமும் இருக்கிறது, தொகை மட்டும் வேறு. அதை வேறு நிறத்தில் காட்டலாமா?

காட்டலாம், காட்டவும் வேண்டும். 'இல்லவே இல்லை' என்பதும் 'இருக்கிறது, ஆனால் தொகை இடிக்கிறது' என்பதும் வேறு வேறு பிரச்சினைகள். ஒன்றுக்குப் போன் செய்து பில்லை ஏற்றச் சொல்ல வேண்டும், மற்றதற்கு முதலில் நம் பில்லையே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விதியாக இதைச் சேருங்கள்:

=அண்ட்(கவுன்ட்இஃப்ஸ்($ஈ$2:$ஈ$500,$ஏ2,$எஃப்$2:$எஃப்$500,$பி2)>0,ஏபிஎஸ்(சம்இஃப்ஸ்($சி$2:$சி$500,$ஏ$2:$ஏ$500,$ஏ2,$பி$2:$பி$500,$பி2)-சம்இஃப்ஸ்($ஜி$2:$ஜி$500,$ஈ$2:$ஈ$500,$ஏ2,$எஃப்$2:$எஃப்$500,$பி2))>1)

நீளமாகத் தெரிந்தாலும் சொல்வது எளிது: அந்த பில் அங்கே இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்துத் தொகைக்கும் ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். சம்இஃப்ஸ் பொருந்துகிற வரிகளின் தொகையைக் கூட்டும், ஏபிஎஸ் வித்தியாசத்தின் கழித்தல் குறியை நீக்கும். இரண்டு பக்கமும் சம்இஃப்ஸ் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே பில்லில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் இருந்தால் நம் பதிவில் அது இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும். தனித்தனி வரியை ஒப்பிட்டால் இரண்டுமே தவறாகத் தெரியும்.

ஒரு ரூபாய் இடைவெளி எதற்கு? சமமா என்று நேராகக் கேட்கக்கூடாதா?

ஒரு பக்கம் பைசாவை முழு ரூபாயாக்கியிருப்பார்கள், மறுபக்கம் 1,349.64 என்று அப்படியே இருக்கும். இதற்கெல்லாம் நிறம் விழுந்தால் உண்மையான தவறு கூட்டத்தில் மறைந்துவிடும்.

இன்னொரு காரணம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. தசம எண்களை அது இரும முறையில் வைத்துக்கொள்வதால் சில எண்கள் துல்லியமாக அடங்குவதில்லை. எக்செலில் ஒரு காலிக் கட்டத்தில் =(43.1-43.2)+1 என்று தட்டி, தசம இடங்களைக் கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். 0.9 வர வேண்டிய இடத்தில் 0.899999999999999 என்று காட்டும். கழித்து, கூட்டி, சதவீதம் போட்டு வந்த தொகைகளை ஒப்பிடும்போது ரவுண்ட் போட்டோ, ஏபிஎஸ் போட்டோ ஒப்பிடுவதே நல்லது.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆனாலும் நிறம் விழுகிறது. என்ன செய்வது?

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. நான் பார்க்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் இடைவெளி. எண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். =லென்(பி2) என்று போட்டால் எத்தனை எழுத்து என்று சொல்லிவிடும். ஐந்து எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு என்றால் பிடித்துவிட்டீர்கள். டிரிம் போட்டால் போய்விடும். வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்தவற்றில் வேறு வகை ஸ்பேஸ் ஒன்று வரும், அது டிரிமுக்கு அடங்காது. அதற்கு =டிரிம்(சப்ஸ்டிட்யூட்(பி2,சார்(160)," ")).

அடுத்தது, எண் மாதிரி தெரிகிற எழுத்து. ஒரு பக்கம் 1500 எண்ணாக இருக்கும், மறுபக்கம் 1500 வெறும் எழுத்தாக இருக்கும். எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டும், எழுத்து இடது ஓரத்தில் ஒட்டும். எக்செல் அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு சின்னப் பச்சை முக்கோணமும் போடும்.

அப்புறம் தேதி. இதுதான் அதிகம் படுத்தும். தேதி என்பது எக்செலுக்கு ஒரு எண், 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டு போகிறது. வங்கி அறிக்கையில் தேதியோடு மணியும் சேர்ந்து வந்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தசமப் பகுதி ஒட்டியிருக்கும். திரையில் தேதி மட்டும் தெரிவதால் நமக்கு ஒன்றாகவே படும். இரண்டு பக்கமும் இன்ட் போட்டு ஒப்பிட்டால் மணி கழன்றுவிடும்.

பில் எண்ணே தேதியாகிப்போவதும் உண்டு. 5/12 என்று ஒரு பில் எண். சிஎஸ்வி கோப்பை எக்செலில் அப்படியே திறந்தால் அதை டிசம்பர் 5 என்று மாற்றிவிடும். மாறிய பிறகு அந்தக் கட்டத்தை எழுத்தாக ஃபார்மேட் செய்தாலும் பழைய 5/12 திரும்ப வராது, ஐந்து இலக்க எண் ஒன்றுதான் வரும். கோப்பை உள்ளே கொண்டுவரும்போதே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று சொல்லிவிட வேண்டும்.

தலைகீழாகவும் நடக்குமா? வேறு வேறாக இருந்தும் நிறம் விழாமல் போகுமா?

நடக்கும். அதுதான் ஆபத்தானது. தவறாக விழுந்த நிறத்தைப் பார்த்தால் நாம் போய்ச் சரிபார்ப்போம். விழாத நிறத்தை யார் போய்ப் பார்ப்பார்கள்?

கவுன்ட்இஃப் கொஞ்சம் தாராள குணம் உள்ளது. 007 என்ற எழுத்தையும் 7 என்ற எண்ணையும் ஒன்றாக எண்ணிவிடும். நட்சத்திரக் குறியை 'எது வேண்டுமானாலும்' என்று புரிந்துகொள்ளும். தார்ப்பாய் ஸ்டாக் பட்டியலில் 10*12 என்று தேடினால் 10-ல் தொடங்கி 12-ல் முடிகிற எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது நீளமான எண்கள். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எழுத்தாகவே பத்திரமாக வைத்திருந்தாலும், கவுன்ட்இஃப் அதை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருக்கிற இரண்டு கணக்குகள் அதற்கு ஒன்றுதான். முன்பு ஒரு இடத்தில் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்தபோது எனக்கு இது நடந்தது. ஷீட்டில் ஒரு நிறமும் இல்லை. எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டேன். இரண்டு தொழிலாளர்களுக்குக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் தவறாக இருந்தது. பணம் அவர்கள் கைக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவர்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

இப்படிப்பட்ட எண்கள் ஏ-யிலும் ஈ-யிலும் இருந்தால் மேட்ச் போடுங்கள்:

=ஐஎஸ்என்ஏ(மேட்ச்($ஏ2,$ஈ$2:$ஈ$500,0))

இரண்டு பக்கமும் எழுத்தாக இருந்தால் இது எழுத்துக்கு எழுத்து பார்க்கும். எண்ணாக மாற்றாது.

காலிக் கட்டத்தையும் மறக்காதீர்கள். எக்செலில் காலிக் கட்டமும் 0-வும் = குறிக்குச் சமம். தேர்வுக்கு வராத மாணவனும் பூஜ்யம் வாங்கிய மாணவனும் ஒன்றாகிவிடுவார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் = கண்டுகொள்ளாது. அது முக்கியமென்றால் எக்ஸாக்ட் போட வேண்டும்.

தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும்போது பாதிப் பெயர்கள் பொருந்துவதில்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு ஒரு உற்சாகம் வரும், ஏனென்றால் இதற்கான விடை நம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

கௌரி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகத் தட்டினால் 'க' மேல் ஔகாரக் குறி ஒன்று, பிறகு ரி. லென் போட்டால் 4 வரும். பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' தட்டிவிடுவார்கள்: கெளரி. பார்க்க அதேதான். லென் போட்டால் 5. கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். ஔவையும் இப்படித்தான்: ஔ என்ற ஒரே எழுத்தாக இருந்தால் 3, ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியிருந்தால் 4. ஸ்ரீ என்பதற்கும் இரண்டு வழி உண்டு. 'ஸ' என்ற எழுத்திலிருந்தும் வரும், 'ஶ' என்ற எழுத்திலிருந்தும் வரும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீதர், ஸ்ரீரங்கம் என்று எத்தனை பேர், எத்தனை ஊர்! துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' தட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, கொம்பும் ள-வும் வருகிற இடத்தையெல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். வெள்ளைச்சாமி என்ற பெயரில் கொம்பும் ள-வும் நியாயமாகவே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒட்டுமொத்தமாக மாற்றினால் அவர் பெயர் சிதைந்துவிடும். பொருந்தாத பெயர்களுக்கு மட்டும் நிறம் விழட்டும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள்.

பழைய கோப்புகளில் வேறொரு சிக்கல். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டியவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருவை மாற்றினால் குட்டு வெளிப்படும். யூனிகோடுக்கு மாற்றாமல் அவற்றை எதோடும் ஒப்பிட முடியாது.

இவ்வளவையும் தாண்டினால் இனிஷியல். ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் வைக்க மாட்டார். அதனால்தான் சொல்கிறேன், உறுப்பினர் எண், சேர்க்கை எண், செல்போன் எண் என்று ஏதாவது ஒரு எண் இருந்தால் அதை வைத்து ஒப்பிடுங்கள். பெயரைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பில் எண்ணில் கோடு, சாய்வுக்கோடு எல்லாம் வேறு வேறாக இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?

டி நெடுவரிசையிலும் ஹெச் நெடுவரிசையிலும் சுத்தம் செய்த எண்ணை வைத்துக்கொண்டு அவற்றை ஒப்பிடலாம்: =சப்ஸ்டிட்யூட்(அப்பர்(டிரிம்(பி2)),"-","/"). ஹெச் நெடுவரிசையில் பி2-க்குப் பதில் எஃப்2. கோட்டைச் சாய்வுக்கோடாக மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் அடியோடு எடுத்துவிட்டால் 1/12-ம் 11/2-ம் இரண்டுமே 112 ஆகிவிடும்.

இரண்டு பட்டியலும் தனித்தனி ஷீட்டில் இருந்தால்?

எக்செல் 2010 முதல் நேராகவே அடுத்த ஷீட்டைக் குறிப்பிடலாம். கூகுள் ஷீட்ஸில் நேராகக் கொடுத்தால் ஏற்காது, இன்டைரக்ட் வழியாகப் போக வேண்டும்:

=கவுன்ட்இஃப்(இன்டைரக்ட்("'போர்ட்டல்'!$எஃப்$2:$எஃப்$500"),$பி2)=0

ஷீட்டின் பெயரை மாற்றினால் மேற்கோளுக்குள் இருக்கும் பெயரையும் நீங்களேதான் மாற்ற வேண்டும்.

ஃபைல் நகரவே மாட்டேன் என்கிறது. நிறம் போட்டதாலா?

அதனாலும் இருக்கலாம். இந்தப் பக்கம் 10,000 வரி, அந்தப் பக்கம் 10,000 வரி என்றால் கவுன்ட்இஃப் மொத்தம் 10 கோடி முறை ஒப்பிட வேண்டும். பெரிய பட்டியலுக்கு, சூத்திரத்தை ஒரு தனி நெடுவரிசையில் போட்டு 'இல்லை', 'தொகை வேறு' என்று விடை வாங்கிக்கொண்டு, நிற விதி அந்தச் சொல்லை மட்டும் பார்க்கும்படி வைப்பேன். அந்தச் சொல்லை வைத்து எண்ணவும் முடியும். நிறத்தை வைத்து எண்ண எக்செலில் ஃபங்ஷன் கிடையாது.

நிறம் விழுந்தவற்றை மட்டும் பார்க்க ஃபில்டர் போட்டு 'ஃபில்டர் பை கலர்' கொடுத்தால் போதும்.

போன மாதம் சரியாக வேலை செய்தது, இந்த மாதம் குழம்பிவிட்டதே?

கட்டங்களை வெட்டி ஒட்டும்போது விதியும் கூடவே ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகப் பெருகிவிடும். 'மேனேஜ் ரூல்ஸ்' திறந்து, மேலே 'திஸ் வொர்க்ஷீட்' என்று மாற்றிப் பாருங்கள். ஒரே விதி பத்து இடத்தில் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒட்டும்போது 'பேஸ்ட் வேல்யூஸ்' மட்டும்.

எந்த நிறம் போடலாம்?

வெளிர் ஆரஞ்சும் வெளிர் நீலமும். சிவப்பு, பச்சை இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுப்பீர்கள் என்றால் ஒன்றுக்குத் தடித்த எழுத்தும் சேர்த்துவிடுங்கள்.

நம் பக்கம் மட்டும் நிறம் போட்டுப் பார்த்தால் போதுமா?

போதாது. ஈ, எஃப், ஜி பக்கத்துக்கும் ஒரு விதி போடுங்கள், திசையை மாற்றி:

=கவுன்ட்இஃப்ஸ்($ஏ$2:$ஏ$500,$ஈ2,$பி$2:$பி$500,$எஃப்2)=0

இங்கே நிறம் விழுந்தால் போர்ட்டலில் இருக்கிறது, நம் பதிவில் இல்லை. பெரும்பாலும் கல்லாப்பெட்டியிலோ வண்டியின் டேஷ்போர்டிலோ கிடக்கிற பில்லாக இருக்கும். சில சமயம், வேறு யாருக்கோ விற்றதை நம் எண்ணில் ஏற்றியிருப்பார்கள். நாம் வாங்காத பொருளுக்கு வரியை எடுத்துக்கொள்ளக்கூடாது. அதனால் அந்த பில் கையில் கிடைக்கும்வரை அதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

நம் பக்கம் நிறம் விழுந்த பில்லை என்ன செய்வது?

முதலில் நம் பில்லை எடுத்து ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' தட்டியிருந்தால் அங்கேயே தீர்ந்துவிடும். நம் பக்கம் சரி என்றால் விற்றவருக்குப் போன். மாதாந்திரத் தாக்கல் செய்பவருக்கு, விற்பனை பில்களை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கெடு 11-ம் தேதி. அதைத் தாண்டி ஏற்றியிருந்தால் அது அடுத்த மாத 2பி-யில்தான் வரும். "ஏத்திட்டேங்களே அண்ணே" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். என்று ஏற்றினீர்கள் என்று தேதியைக் கேளுங்கள். அந்தத் தேதியை டி நெடுவரிசையில் அந்த பில்லுக்கு நேராக எழுதி வையுங்கள். சுத்தம் செய்த எண்கள் டி-யில் இருந்தால் வேறொரு காலி நெடுவரிசையில் எழுதுங்கள். அடுத்த மாதம் 14-ம் தேதி முதலில் பார்க்க வேண்டிய பில்கள் அவைதான்.